தள்ளி வைத்த வரியும் தீபாவளி போனஸும்

வருமான வரி ஆபீஸில் வேலை பார்ப்பவருக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. ஒரு கம்பெனியில் உட்கார்ந்து வருமான வரிக் கணக்கு எழுதுகிறவனுக்கு அதில் கால் பங்கு கூடக் கிடையாது. நான் இரண்டாவது ரகம். உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், இதைப் படிக்கும்போதே முதுகு வலிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் நடந்த கதை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து எளாவூர் போகும் வழியில் எங்கள் பம்ப் தொழிற்சாலை இருந்தது. தலைமை அலுவலகம் இங்கிலாந்தில். உலகத்தில் பல தேசங்களில் கிளைகள். ஒவ்வொரு தேசத்திலும் எவ்வளவு வரி என்று எழுதி அனுப்பினால், அங்கே அத்தனையையும் கூட்டி ஒரே கணக்காக்குவார்கள். அந்தக் கூட்டலில் கும்மிடிப்பூண்டிக்கு உரிய எண் என் பொறுப்பு. வேலை அப்போது தற்காலிகம்தான். தீபாவளிக்குள் பர்மனெண்ட் ஆக்கிவிடுவதாக சீஃப் அக்கவுண்டண்ட் சேஷாத்திரி சார் சொல்லியிருந்தார். நானோ, ஏற்கெனவே பர்மனெண்ட் என்று மாமனாரிடம் சொல்லிக் கல்யாணமே செய்துகொண்டாகிவிட்டது. அந்த ஆர்டர் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று இனி விளக்க வேண்டாம்.

ரயிலில் கேட்கும் கேள்வி

நான் மீஞ்சூரில் குடியிருந்தேன். காலை பாசஞ்சரில் எங்கள் தொழிலாளர்கள் ஒரே பெட்டியில்தான் ஏறுவார்கள். மற்ற பெட்டிகளில் மழையைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் பேசுவார்கள். எங்கள் பெட்டியில் மட்டும் கம்பெனியின் வருமான வரியைப் பற்றிப் பேச்சு நடக்கும். காரணம் போனஸ் சட்டம். லாபத்திலிருந்து முதலில் வரியைக் கழிக்க வேண்டும். மீதியில்தான் போனஸ் கணக்கு. வரி ஏறினால் போனஸ் இறங்கும். முதலாளியின் வரி குறைய வேண்டும் என்று தொழிலாளிகள் வேண்டிக்கொண்ட இடம் எங்கள் பெட்டியாகத்தான் இருக்கும். எனக்கும் அதே போனஸ்தான் என்பதால் நானும் வேண்டிக்கொண்டேன்.

சங்கச் செயலாளர் டேனியல், ஃபிட்டர். ஜுரக்காரனை விசாரிப்பது மாதிரி தினமும் என்னிடம், "வரி இன்னிக்கு எப்டி சார் கீது?" என்று கேட்பார். ஒருநாள் விளையாட்டாக, கொஞ்சம் ஏறும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொன்னேரி வரை ஆளாளுக்கு விரல் விட்டுப் போனஸைக் கணக்குப் போட்டார்கள். பிறகு டேனியல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வரிய கட்றது கம்பெனி. ஆனா பாருங்க சார், அது நேரா எங்க ஊட்டு சோத்துப் பானைலதான் வந்து கைய வுடுது."

யாரும் கேட்காத வரி

எங்கள் தொழிலின் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு இயந்திரம் வாங்கினால் அது தேய்வதற்குக் கம்பெனிக் கணக்கில் ஒரு வேகம். வருமான வரிச் சட்டத்தில் வேறு வேகம். எங்கள் புத்தகத்தில் வருடா வருடம் ஒரே அளவாகத் தேயும். சட்டத்திலோ முதல் சில வருடங்களிலேயே பெரும்பாலும் தேய்ந்துவிடும். இயந்திரத்துக்கு இது எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். தேய்மானம் அதிகமாகக் காட்டுவதால் இந்த வருடம் வரி குறையும், பின்னால் ஏறும். இப்போது குறைந்த தொகையையும் ஒருநாள் கட்ட வேண்டியதுதானே, அதையும் இப்போதே எழுதி வை என்பது இங்கிலாந்தின் உத்தரவு. இதற்குப் பெயர் டெஃபர்டு டாக்ஸ், அதாவது தள்ளி வைத்த வரி.

கேன்டீன் நடத்திய முனிரத்தினம் ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். எல்லோரும் அவருக்கு நைனாதான், பணம் அவருக்கு டப்புதான். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். அரை மணி நேரம் விளக்கினேன். சர்க்கார் இந்த வருடம் இதைக் கேட்கவில்லை, நாங்களும் கட்டப் போவதில்லை, பணமும் தனியாக எடுத்து வைப்பதில்லை, எழுத மட்டும் எழுதுவோம் என்றேன். டீ கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "யாரும் கேக்காத டப்ப, எங்கயும் இல்லாத டப்ப எழுதி வெக்கிறதுக்கு மாசச் சம்பளமா? நானும் பி.காம். படிச்சிருக்கலாம் நைனா."

ஒரு வாஷர்

மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒரு இயந்திரத்தை ஒரே ஒரு நாள் ஓட்டியிருந்தாலும் அந்த வருடத்துக்கு முழுத் தேய்மானம் கேட்கலாம். கடைசல் வேலைக்கு வாங்கிய எங்கள் புது லேத் அந்த முப்பத்தொன்றாம் தேதி காலையில்தான் மதராஸ் துறைமுகத்திலிருந்து லாரியில் புறப்பட்டது. டிரைவர் எங்கள் கேட்டைக் கவனிக்காமல் தாண்டிப் போய், எளாவூர் செக்போஸ்டில் ஆந்திரா போகும் லாரிகளோடு வரிசையில் நின்றுவிட்டார். ஆள் அனுப்பித் திருப்பிக் கொண்டு வந்தபோது மணி மூன்று. இறக்கி நிறுத்தியதும் கரண்ட் போனது.

சேஷாத்திரி சார் கடிகாரத்தைப் பார்த்தார், ஃபோர்மேன் சேஷாத்திரி சாரைப் பார்த்தார். கடைசியில் நாலு பேர் பெல்ட்டைக் கையால் இழுத்துச் சுற்ற, ஒரே ஒரு வாஷர் கடைந்து எடுத்தார்கள். அதுவும் ஒரு பக்கம் கோணல். அதை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, என் அலமாரியில் அத்தாட்சியாகப் பூட்டி வைத்தேன். பிறகு வரி அதிகாரி விசாரணைக்கு வந்தபோது, இயந்திரம் ஓடியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். கவரை நீட்டினேன். வாஷரை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு வரியை மிச்சம் பண்ணின வாஷரை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை. பத்திரமா வெச்சுக்குங்க, இதுக்கும் தேய்மானம் கேட்டுடாதீங்க."

ஹென்றி சாப்பிட்ட வடை

விருந்தாளிக்கு ஆகும் செலவை வரிக் கணக்கில் கழிக்க முடியாது. ஊழியர் குடிக்கும் டீயைக் கழிக்கலாம். இதனால் கேன்டீனில் யார் எதைத் தின்றார்கள் என்று ஒரு நோட்டு வைக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் நம்மவர், எதிர்ப் பக்கம் விருந்தாளி. விருந்தாளியோடு உட்கார்ந்து சேஷாத்திரி சார் சாப்பிடும் வடை எந்தப் பக்கம் என்பதில் அவருக்கும் எனக்கும் ஒரு வாரம் கருத்து வேறுபாடு இருந்தது. பேஜார் வேண்டாம் என்று அவர் வடையையே நிறுத்திவிட்டார்.

அந்தச் சமயத்தில் நாங்கள் வரி போடும் முறையைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து ஹென்றி என்று ஒருவர் வந்தார். நல்ல மனிதர். மசால் வடையைக் கண்டதும் வந்த வேலையை மறந்துவிட்டார். அவர் மூன்றாவதை எடுக்கும்போது நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்து, என்ன என்று கேட்டார். தலைமை அலுவலகத்துக்காரர் இங்கே விருந்தாளிதான், ஆகையால் இந்த மூன்று வடையின் விலையும் திரும்ப லாபத்தில் சேர்க்கப்பட்டு அதற்கு வரி கட்டப்படும் என்று சேஷாத்திரி சார் பணிவாக விளக்கினார். ஹென்றி மென்று கொண்டிருந்ததை நிறுத்தினார். அவர் இங்கிலீஷில் கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அப்படியானால் இப்போது என் வயிற்றில் இருப்பது இந்தியாவின் வருமானமா?"

இரண்டு கவர்

வருடாவருடம் நான் இரண்டு தாள் தயார் செய்வேன். ஒன்று, சர்க்காருக்கு உண்மையில் கட்ட வேண்டிய வரி. போனஸுக்கு இதுதான் கணக்கு. மற்றது தள்ளி வைத்த வரியும் சேர்ந்த பெரிய தொகை, இது இங்கிலாந்துக்கு. இரண்டுக்கும் ஒரே தலைப்பு, ஒரே டைப்ரைட்டர், அடியில் சேஷாத்திரி சாரின் ஒரே கையெழுத்து. முதல் தாள், ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீஸுக்குப் போகும். அங்கே போனஸைக் கணக்கிட்டு, தாளோடு சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். இரண்டாவது தாள் விமானத் தபாலில் போகும்.

அந்த வருடம் கவர்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது, என் மாமனார் கேட்டில் வந்து நிற்பதாகச் சொன்னார்கள். வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருக்கிறாராம். அவர் என்ன கேட்பாரோ, நான் இன்னும் தற்காலிகம்தான் என்று இவன் உளறிவிடுவானோ. கையில் கிடைத்த தாளைக் கிடைத்த கவரில் போட்டு ஒட்டிவிட்டு ஓடினேன். நல்லவேளை, அவர்கள் பேச்சு ரயில் நேரத்தைத் தாண்டியிருக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டு முன்னால் கூட்டம். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ்தானாம், அதற்கு மேல் சல்லிக்காசு கிடையாதாம். டேனியல் போர்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். பார்த்தேன். இங்கிலாந்துக்குப் போயிருக்க வேண்டிய தாள். "இன்னா சார் இது, டெபர்டு டாக்ஸு? பத்து வருசம் கயிச்சி கட்டப் போற வரிக்கு, இந்தத் தீபாவளிக்கு எங்க புள்ளைங்க ஏன் சார் பயய துணி போட்டுக்கினு நிக்கணும்?"

கேசரி

அன்றைக்கே இங்கிலாந்திலிருந்து தந்தி. கும்மிடிப்பூண்டி கிளை வரி போக இவ்வளவு லாபம் காட்டியதற்குப் பாராட்டு. இருக்காதா? அவர்களுக்குப் போயிருந்தது சின்ன வரித் தாள். சேஷாத்திரி சாருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் செக்‌ஷன் முழுவதற்கும் கேசரி வரவழைத்தார். என் வாயில் கேசரி, எதிரே டேனியல் விட்டுப் போன தாள்.

சொன்னால் வேலை போகும். என் பர்மனெண்ட் ஆர்டர் கையெழுத்தாகாமல் அவர் மேஜையில்தான் கிடந்தது. சொல்லாவிட்டால் அத்தனை பேரின் போனஸும் போகும், என்னுடையதும் சேர்த்து. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நாளைக் காலையில் அதே பெட்டியில் டேனியலுக்கு எதிரே உட்கார வேண்டுமே என்று தோன்றியது. அது என்னால் முடியாது. எழுந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மாமனார் உட்பட.

அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். இரண்டு தாளின் நகலையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் அவர் கையெழுத்து அழகாக இருந்தது. என்னை வீட்டுக்கு அனுப்பினால், படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதை அவரும் யோசித்திருக்க வேண்டும். மெதுவாக என் ஆர்டரை எடுத்தார், பேனாவைத் திறந்தார். "மொதல்ல இதுல கையெழுத்துப் போட்டுடறேன், ஏகாம்பரம். அதுக்கப்பறம் நீ சொன்னது என் காதுல விழுந்ததா வெச்சுக்கலாம்."

வெற்றி விழா

அன்று சாயங்காலமே டேனியல் கேட்டில் கண்டனக் கூட்டம் போட்டார், மறுநாள் புதுத் தாள் போர்டில் ஏறியது. போனஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆயிற்று. இங்கிலாந்துக்கு முந்திய தாளை வாபஸ் வாங்கிக் கடிதம் போனது. விளக்கம் கேட்டார்கள். சேஷாத்திரி சார் இரண்டு பக்கம் எழுதினார். அதில் இந்திய வரிச் சட்டம் இருந்தது, தபால் தாமதம் இருந்தது, வடகிழக்குப் பருவமழை கூட இருந்தது, கவரை மட்டும் காணோம்.

கேட்டில் மறுபடி சங்கக் கூட்டம் போட்டு டேனியலுக்கு மாலை போட்டார்கள். நானும் கூட்டத்தில் நின்று கை தட்டினேன். தப்பு என்னுடையது, திருத்தியது நான், மாலை அவருக்கு என்று கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது நிஜம். ஆனால் சட்டைப் பையில் பர்மனெண்ட் ஆர்டர் இருந்தபடியால் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ரயிலில் டேனியல் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கை போட்டார். "ஒரே ஒரு கேட் மீட்டிங் சார், கெவுர்மெண்டே பயந்துகினு வரிய கொறச்சிட்ச்சி. ஒரு வருசமா பேனாவ வெச்சிக்கினு நீங்க இன்னா சார் பண்ணிக்கினு இருந்தீங்க?"

இத்தனை வருடம் வரிக் கணக்கு எழுதியதில் நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், கம்பெனியின் வருமான வரியைக் கட்டுவது கம்பெனி, வாங்கிக்கொள்வது சர்க்கார், அதற்கு ஏச்சு வாங்குவது மட்டும் பர்மனெண்டாக நான்.