பாலன் குடிலுக்குப் போகவிருந்த பாசி

மொன்றியலிலிருந்து பேருந்தில் அரை நாள் வடக்கே போனால், நான் வேலை செய்யும் காட்டு ஆய்வு நிலையம் வரும். விஞ்ஞானிகள் அங்கே மரத்தையும் பாசியையும் அளக்கிறார்கள். எதற்காக அளக்கிறார்கள் என்று வருகிறவர்களுக்கு விளக்குவது என் வேலை. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், கொட்டாவி விடுவார்கள், போய்விடுவார்கள். எங்கள் தமிழ்க் கோவில் பங்குச் சனத்தை ஒருமுறை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நிலையத் தலைவர் அதிகம் பேசாத கியூபெக்காரர். ஒரு தடவை பார்ப்போம், ஏதும் பிசகினால் அதுவே கடைசி என்றார்.

ஒக்டோபர் மாதச் சனிக்கிழமையொன்றில், எங்கள் கோவில் இருக்கும் லவாலிலிருந்து புறப்பட்டோம். செபமாலை முடியுமுன்பே கட்லட் பெட்டி திறக்கப்பட்டது. நான் ஆயத்தம் செய்திருந்த முன்னுரை அந்த வாசனையிடம் தோற்றது. காட்டைக் கண்டதும் ஒருவர், இவ்வளவு நத்தார் மரத்தையும் யார் வெட்டுகிறது என்று கவலைப்பட்டார். செம்மஞ்சள் அடையாளக் கொடி நட்டு, கயிறு கட்டிய பாசிச் சதுரங்களின் முன்னால் நின்று நான் நீண்ட நேரம் விளக்கினேன். எல்லோரும் பிரசங்கத்துக்குத் தலையாட்டும் அதே பக்தியோடு தலையாட்டினார்கள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பிப் போகப் பேருந்தில் ஏறியபோது ஓர் இருக்கையில் வைத்திருந்த பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோவிலில் வருடாவருடம் நத்தாருக்கு, யேசு பாலன் படுக்கப் பாசி பரப்பி, பாலன் குடில் கட்டும் அக்காவின் பை அது. டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகள் ஏற்றும் அவருக்கு, ஒரு பைக்குள் எவ்வளவு அடங்கும் என்பது நன்றாகத் தெரியும். உள்ளே, பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே, கூறைச்சேலை மடிக்கும் கவனத்தோடு அடுக்கிய பாசி.

எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் கயிறு கட்டின இடத்தில, பிள்ளை. மற்றதெல்லாம் சும்மா காட்டுப்பாசி. கயிறு கட்டி வளக்கிறதெண்டால் நல்ல சாதியாத்தானே இருக்கும். கொடியை நான் தொடேல்லை."

அந்தச் சதுரத்தைப் பல வருடங்களாக அளந்து வருகிறார்கள் என்றேன். எங்கள் ஆட்கள் இனி இங்கே வரலாமா என்பதே இந்தப் பையில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு கெட்ட யோசனை ஓடியது: பழியை மூஸ் மான்மேல் போட்டால் அது மறுத்துப் பேசப் போவதில்லை.

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"வா, போய்ச் சொல்லுவம். பாவசங்கீர்த்தனம் எனக்கொண்டும் புதுசில்லை."

தலைவரிடம் சொன்னோம். அவர் பையை வாங்கிக்கொண்டு அக்காவோடு சதுரத்துக்கு நடந்தார். இருவரும் முழங்காலில் இருந்து துண்டு துண்டாகப் பாசியைத் திரும்ப வைத்தார்கள். தலைவர் அழுத்திய விதம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. விமான நிலையத்துப் பிரெஞ்சில், மெதுவாக, மெதுவாக என்று அவருடைய கையைத் தட்டினார். நான் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தலைவர் பதிவேட்டைத் திறந்தார். சேதத்துக்கான காரணங்கள் வரிசையாக இருந்தன: மூஸ் மான், கரடி, முயல், காற்று. பென்சிலைக் கடித்தபடி யோசித்து, அடியில் ஒரு வரியைச் சேர்த்தார்: பங்கு மக்கள். பெயர்த்து வைத்த பாசி மண்ணில் பிடிக்குமா என்று தனக்கும் தெரியாது என்றார். அடுத்த வருடம் எல்லோரும் வந்து பார்க்கட்டும், அந்த அம்மா கட்டாயம் வரட்டும் என்றார்.

அந்த நத்தாருக்குப் பாலன், பாசிக்குப் பதிலாகப் பச்சைத் துவாயில் படுத்திருந்தார். பாசி எங்கே என்று பூசை முடித்து வந்த சுவாமி கேட்டதற்கு, அது ஆராய்ச்சியில் இருக்கிறது என்று அக்கா பதில் சொன்னார்.

மறு ஒக்டோபரில் பேருந்து நின்றதும் முதலில் இறங்கியவர் அக்காதான். கைப்பையில் அளந்து பார்க்க அடிமட்டம் இருந்தது. கயிற்றுக்கு வெளியே குனிந்து வெகுநேரம் பார்த்தார். நானும் தலைவரும் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களைப்போல் நின்றோம்.

"பிடிச்சிட்டுது, பிள்ளை. இந்த ஓரம் மட்டும் காஞ்சுபோச்சு. அது அவர் வைச்சது."

அக்கா என்ன சொல்கிறார் என்று தலைவர் கேட்டார். ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் தலையாட்டிவிட்டு அதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.