டிரெட்மில்லும் வெளியே போகாத சப்பாத்தும்

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று தொடங்குவது நம்மவர்களுடைய வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வவுனியா நகரத்தில் ஒரு மின்சாதனக் கடையில் விற்பனைப் பகுதியில் நின்றே என் காலம் போனது. பிரிட்ஜ், ரிவி, மிக்ஸி, தண்ணிப் பம்ப் என்று எவ்வளவோ விற்றிருக்கிறேன். ஆனால் விற்பனை என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது ஒரு டிரெட்மில் விற்ற அன்றைக்குத்தான். இப்போது கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இது உதவலாம். உதவாவிட்டாலும் வாசியுங்கள்.

1. மூண்டு எச்.பி.

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் ஊருக்கு வந்து போகத் தொடங்கியிருந்தார்கள். வந்த இடத்தில் தாய் தகப்பனின் சீனி வருத்தத்தையும் பிரஷரையும் கண்டு பயந்து, வீட்டில் நடக்க ஒரு மெசின் வாங்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்கள். எங்கள் முதலாளி நிசாருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னமே தெரியும். முல்லைத்தீவில் இருந்த கடையை விட்டுவிட்டு இடம்பெயர்ந்து, வவுனியாவில் திரும்ப முதலிலிருந்து தொடங்கியவர் அவர். கொழும்பிலிருந்து இரண்டு டிரெட்மில் இறக்கினார்.

ஒன்று பெரியது. கலர் கலராக லைற், பாட்டுக் கேட்க ஸ்பீக்கர், முன்பக்கத்தில் "3 HP" என்று கையகல ஸ்டிக்கர். மற்றது கறுப்பு நிறம், விலை குறைவு, ஒரு மூலையில் பேசாமல் நின்றது.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் நேரே பெரியதிடம்தான் போனார்கள். வன்னியில் மெசின் என்றால் முதல் கேள்வி எத்தனை எச்.பி. என்பதுதான். தோட்டத்துக்குத் தண்ணிப் பம்ப் வாங்கிப் பழகிய ஆட்கள் வேறு என்ன கேட்பார்கள்?

எனக்கு எதையும் திறந்து பார்க்காவிட்டால் நித்திரை வராது. ஆட்கள் இல்லாத ஒரு மத்தியானம் இரண்டு மெசினின் மூடியையும் கழற்றி மோட்டரின் தகட்டை வாசித்தேன். பெரியதின் மூன்று எச்.பி. ஒரு கணம் உன்னிக் கொடுக்கிற சக்தி மட்டும்தான். தொடர்ந்து ஓடும்போது அதில் பாதிகூட இல்லை. சின்னதில் தொடர்ந்து ஓடும் சக்தியையே நேர்மையாக எழுதியிருந்தார்கள், அது பெரியதினதைவிடக் கூடுதல். பெல்ட் தடிப்பு, அடிப்பலகை ஆடவில்லை. கொழும்பு ஏஜென்டுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். சின்னதுக்குப் பெல்ட்டும் மோட்டர் பிரஷும் கையிருப்பில் இருக்கிறது என்றார்கள். பெரியதுக்கு, "பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். அதன் பொருள் எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"தங்கச்சி, நீங்க சொல்றது சரி. ஆனா அதை ஆரிட்டயும் சொல்லிப்போடாதீங்க. முதல்ல பெரியது போகட்டும்."

2. பூமணி அம்மாவின் கால்

அந்தக் கிழமைதான் பூவரசங்குளத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஐயா ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், கந்தசாமி. அம்மாவின் பெயர் பூமணி. நீண்ட நாள் சீனி வருத்தத்தில் அம்மாவின் பாதங்களில் உணர்வு குறைந்திருந்தது. முந்தின வருடம் வீதியில் நடக்கும்போது முள் ஏறியது தெரியாமலே இருந்து, புண்ணாகி, ஆசுப்பத்திரியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். நடக்காவிட்டால் சீனி இறங்காது, இன்னொரு புண் வந்தால் பாதமே போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு வீதியில் இறங்கவே பயம். சுவிசில் இருந்த மகன் மெசின் வாங்கச் சொல்லியிருந்தான்.

ஐயா ஸ்டிக்கரைத் தட்டிப் பார்த்தார். "மூண்டு எச்.பி.! எங்கட கிணத்துப் பம்பே ரெண்டுதான்."

"அம்மா நடக்கத்தானே ஐயா போறா? தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற எண்ணமும் இருக்கோ?" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டார். முதலாளி என்னை முறைத்தார். நான் காணாததுபோல் சின்ன மெசினைக் காட்டி, தகட்டில் இருந்ததைச் சொன்னேன். பிறகு கேட்டேன்: "பின்னேரத்தில உங்கட வீட்டு ரியூப் லைற் ஒழுங்காப் பத்துமோ?"

"எங்க பத்துறது? பொழுதுபட்டா கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கிடக்கும்."

"அப்ப கரண்ட் காணாது, வோல்டேஜ் குறைவு. விடியவெள்ளன நடவுங்கோ. இல்லாட்டி மோட்டர் கெதியாப் போயிடும்."

அம்மாவை ஏறி நடந்து பார்க்கச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் சோடியாக வைத்துவிட்டு ஏறினார். அதுவரை ஏறிப் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். புது மெசின் ஊத்தையாகக் கூடாது என்ற மரியாதை என்று நினைத்திருந்தேன். அம்மா கைபிடியை இறுக்கிக்கொண்டு தொடங்கி, பிறகு ஒரு கையை விட்டு, பிறகு மற்றதையும் விட்டு நடந்தார். பயமில்லாமல் நடந்து கனகாலம் என்பது முகத்தில் தெரிந்தது.

இறங்கிக் கதிரையில் அமர்ந்து பாதத்தைத் துடைத்தபோதுதான் கண்டேன். பெருவிரலுக்குக் கீழே தோல் உரஞ்சி, சிவந்து, ஈரமாக இருந்தது.

"அம்மா, நோகேல்லையோ?"

"ஏன் பிள்ளை நோகோணும்?"

ஐயா குனிந்து பார்த்தார். அவருடைய முகம் இருண்டுவிட்டது. "இது வேண்டாம். வாரும் பூமணி, போவம்."

அவர்கள் அப்படியே போனால் அம்மா இனி எங்கேயும் நடக்கப்போவதில்லை என்று எனக்கு விளங்கியது. "ஐயா, பிழை மெசினில இல்லை. இதில சப்பாத்துப் போட்டுத்தான் நடக்கோணும்" என்றேன்.

"வீட்டுக்குள்ள சப்பாத்தோ?" அம்மா திடுக்கிட்டார். "பக்கத்தில சாமியறை. செருப்பையே படிக்கு அங்கால வைக்கிற வீடு. சீவன் போனாலும் மாட்டன்."

மெசினோடு வந்த புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் இதற்குப் பதில் இல்லை. படத்தில் இருக்கிற எல்லாரும் சப்பாத்தோடு நிற்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் வெறுங்காலோடு திரிகிற சனத்தை எழுதினவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

"அம்மா, வீதி மிதிச்ச சப்பாத்துத்தானே உள்ள வரக்கூடாது? கடைப் பெட்டியோட வீட்டுக்கு வந்து, மெசினுக்கு மேலயே போட்டு, மெசினுக்கு மேலயே கழட்டிற சப்பாத்தெண்டா?"

"நிலத்தில படாதோ?"

"படாது."

அம்மா மெசினின் பெல்ட்டைத் தடவிப் பார்த்தார். "அப்ப அது சப்பாத்தில்லை. மெசின்ர சாமான்."

ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளியே எழும்பி எதிர்க்கடைக்குப் போய், மெத்தென்ற அகலமான சப்பாத்தும் பருத்திக் காலுறையும் கொண்டுவந்தார். வியாபாரம் முடிந்தது என்று அவர் பில் புத்தகத்தை எடுக்க, நான் குறுக்கே விழுந்தேன்.

"இண்டைக்கே இந்தக் காலை டொக்டரிட்டக் காட்டுங்கோ. காயம் ஆறி, அவர் ஓம் எண்டாப் பிறகுதான் மெசின் அனுப்புவன்."

அவர்கள் போனதும் முதலாளி வெடித்தார். "தங்கச்சி, வந்த ஆக்களைத் திருப்பி அனுப்பவோ நான் கடை வச்சிருக்கிறன்?"

"வருவினம் முதலாளி" என்றேன்.

3. எண்ணெய் விடப் போன நாள்

வந்தார்கள். காயம் காய்ந்து, டொக்டரும் ஓம் சொல்லி, சின்ன மெசின் லாண்ட்மாஸ்டர் டிராக்டரில் ஏறிப் பூவரசங்குளம் போனது. அதற்குப் பிறகு முதலாளி சின்ன மெசின் இன்னும் கொஞ்சம் இறக்க, அவற்றை வாங்கிய எல்லாருக்கும் ஒரு சோடி சப்பாத்துச் சேர்த்தே கொடுத்தோம். அது தன்னுடைய யோசனை என்று முதலாளி எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார். சொல்லட்டும். பெரிய மெசினைக் கடைசியில் ஒரு ஸ்ரூடியோக்காரர் வாங்கினார். அதில் பாட்டு நன்றாகக் கேட்கிறதாம்.

பிள்ளைகளே, மெசின் வாங்க வருகிறவருக்கு ஸ்டிக்கரை வாசித்துக் காட்ட ஆள் தேவையில்லை. அது அவருடைய வீட்டில், அவருடைய கரண்டில், அவருடைய காலுக்குக் கீழே எப்படி ஓடும் என்று கேட்டறியத்தான் நாங்கள் நிற்கிறோம். கேட்டால் பாதி வேளை விலை குறைந்ததே போதும் என்று தெரியவரும். முதலாளிமார் கோபிப்பார்கள், ஆறிவிடுவார்கள்.

அடுத்த வருடம் பெல்ட்டுக்கு எண்ணெய் விட அந்த வீட்டுக்குப் போனேன். விற்ற பல டிரெட்மில் உடுப்புக் காயப்போடுகிற கொடியாகிப் போனதை அதற்குள் பார்த்திருந்தேன். அதனால் பெரிய நம்பிக்கையோடு போகவில்லை. வாசலிலேயே மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. பூமணி அம்மா சோட்டிச் சட்டையும் சப்பாத்துமாக வியர்க்க வியர்க்க நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

ஐயா தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, குரலைத் தாழ்த்தினார். "காலில ஒரு கீறல் இல்லைப் பிள்ளை. டொக்டருக்கே பெரிய சந்தோசம். ஆனா ஒரு கதை. நேற்று மழைக்குக் கரண்ட் நிண்டு போச்சு. இவா இறங்கி, அந்தச் சப்பாத்தோடயே வீடு முழுக்கச் சுத்தி நடந்தவா. சாமியறை வாசலாலயும்தான்."

அம்மாவுக்குக் காது நல்ல கூர்மை. நடையை நிறுத்தாமலே சொன்னார்:

"கரண்ட் நிண்டா நானும் நிக்கிறதோ?"

எண்ணெய்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, அவர் நடந்து முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.