டெபில் என்றால் பலவீனம்

அர்த்தம் தெரியாத பாஷையில் அச்சுக்கு எழுத்து அடிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு வெடிக்குத் திரி வைக்கிற மாதிரி. சிவகாசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்துவலி வாங்கிய உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

ஃப்ளாப்பி போய் சிடி வந்த சமயம், ஒரு சின்ன பிரஸ்ஸில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அம்மாவுக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற வேலை. "இது நிலைக்கலேன்னா நீயும் எங்கூட மருந்து ரூமுக்குத்தான்" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

துடைத்த தூசி

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எதிர்ச்சொல் படப்புத்தகம் ஆர்டர் வந்தது. பெரியது, சிறியது, பலம், பலவீனம். படத்துக்குக் கீழே இங்கிலீஷ், ஸ்பானிஷ், இத்தாலி, ஜெர்மன். ஸ்பானிஷில் பலவீனத்துக்கு 'டெபில்'. அதில் ஓர் எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு கோடு உண்டு. அந்த மாதிரிக் கோடு புத்தகம் முழுக்க இருந்தது.

புரூஃபைப் பார்த்தால் ஒரு கோட்டைக்கூடக் காணோம். பிளேட் போடுகிற கருப்பசாமி அண்ணனிடம் ஓடினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "அதுவா? தூசி தாயி. ஃபிலிம்ல அம்புட்டையும் சுரண்டி எடுக்கதுக்குள்ள கண்ணே போச்சு."

அண்ணாச்சியின் சீட்டு

கோடெல்லாம் திரும்பப் போட்டோம். பலவீனத்துக்கு ஜெர்மன் வார்த்தை மட்டும் வந்த பேப்பரிலேயே விட்டுப்போயிருந்தது. ஆர்டர் பிடித்துக் கொடுத்த சென்னை ஏஜெண்டோ போனை எடுக்கவில்லை. "கேட்டுப் போடுவோம் அண்ணாச்சி" என்றேன் முதலாளியிடம்.

அவர் அப்போதுதான் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து விருதுநகர் டாக்டரின் சீட்டை எடுத்து நீட்டினார். 'டெபிலிட்டி' என்று இருந்தது. உடம்பில் தெம்பில்லையாம். "எல்லாம் லத்தீன்லருந்து வந்ததுன்னு டாக்டரே சொன்னாக. இங்கிலீசுல டெபிலிட்டி, ஸ்பெயின்ல டெபில், இத்தாலில டெபோலே. ஜெர்மன்காரன் மட்டும் வேற வகையறாவா? டெபில்னே போடும்மா."

ஸ்பீக்கர் போன்

புத்தகம் பைண்டிங்குக்குப் போன பிறகு ஏஜெண்ட் கூப்பிட்டார். நாங்கள் கொடுத்து அவர் அனுப்பிய புரூஃபை ஜெர்மனியில் பார்த்துவிட்டார்களாம். ஸ்பீக்கரில் அவர் போட்ட சத்தத்தில் மெஷின்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "ஜெர்மன்ல டெபில்னா பலவீனம் இல்ல சார், மூளை வளராதவன்னு திட்டுற வார்த்தை. நோஞ்சான் பையன் படத்துக்குக் கீழ போட்டு, பச்சப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. "ஆபரேட்டர் பிள்ளை பண்ணுன தப்பு சார். இன்னைக்கே வேலையிலருந்து நிப்பாட்டிருதேன்" என்றார் அண்ணாச்சி, என் முகத்தைப் பார்க்காமலே. அடப்பாவி மனுசா என்று மனசு கத்தியது. அலுமினியப் பொடி அப்பிய அம்மாவின் கைதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

கருப்பசாமி அண்ணன் பிளேட்டைக் கையில் பிடித்தபடியே, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்க சீட்டுலயும் அந்த வார்த்தைதான இருந்துச்சு? டாக்டர் ஒங்களுக்கு ஜெர்மன்லயே எழுதிட்டாகளோ?"

பைண்டிங் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். அண்ணாச்சியின் கை தானாகச் சட்டைப்பையை மூடியது. பிறகு என் பக்கம் திரும்பினார். "செல்வி, ஒக்காந்து அந்தப் பக்கத்தத் திருத்தும்மா. ஆனா, இந்தத் தடவ கேட்டுப் போடு."

ஆக, ஒரே வார்த்தைக்கு ஸ்பெயினில் பலவீனம் என்று அர்த்தம், ஜெர்மனியில் மடத்தனம் என்று அர்த்தம், எங்கள் பிரஸ்ஸில் அண்ணாச்சி என்று அர்த்தம்.