மூன்றாவது சரணம்

மேல்வீட்டுக்காரரின் கசெட் ரெக்கோடரில் பதிவுப் பொத்தான் மட்டும் எழுத்து அழிந்து வழுவழுத்துக் கிடந்தது. மற்றப் பொத்தான்கள் புதிதாகவே இருந்தன. தான் பாடியதைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மறந்துபோனால் கேட்கலாம் என்பார். அப்போது அவர் எதையும் மறந்ததில்லை.

அவர் ஆங்கிலேயர். இளவயதில் இங்கிலாந்தில் மதுக்கடைகளின் பின்னறைகளில், தானே கட்டிய நாட்டுப்பாடல்களைப் பாடித் திரிந்தவர். மெல்லிய கவிதைப் புத்தகங்கள் இரண்டும் வந்திருந்தன. மொன்றியல்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர், செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியிலேயே கிழவரானார். மனைவி இறந்த பிறகு அவளுக்கென்று ஒரு பாட்டைத் தொடங்கினார்.

கவிதையைத் தாளில் எழுதுவார். பாட்டைத் தாளுக்குக் கொண்டுபோக மாட்டார். ரெக்கோடரைச் சமையலறை மேசையில் ஓடவிட்டு, உருளைக்கிழங்கு சீவுவதும் நடப்பதுமாக, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஒரு சரணம் கடைசிச் சொல்வரை சரிவந்த பிறகுதான் ரெக்கோடருக்கு முன்னால் நின்று தொண்டை திறந்து பாடுவார். "முடியாத பாட்டை உரத்துப் பாடினால் அது அப்படியே இறுகிப்போகும்" என்பது அவர் கணக்கு. தையல் பக்டரியில் இருந்து களைத்து வரும் அம்மா மேலே அண்ணாந்து பார்ப்பார்.

"ஒரு வரிக்கு ஒரு மாசம் எடுக்குது இந்த மனுசன். எங்கட பக்டரியில எண்டால் முதல் நாளே வீட்ட அனுப்பியிருப்பாங்கள்."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பருப்புக்கறியை என் கையில் தந்து, "கொண்டுபோய்க் குடு பிள்ளை. உந்தாள் கிழங்கைத் தவிர வேறொண்டும் தின்னுறேல்லை" என்று அனுப்புவார்.

விமான இயந்திரங்களின் அதிர்வைச் சோதிப்பது செயின்ட்-லோரன்ட் பகுதியில் என் வேலை. இரைச்சலைக் கழித்துத் தேவையான ஒலியை மட்டும் எடுக்கப் பழகியவள். கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் கேட்டேன். இருபத்துமூன்று கசெட்டுகள். வழக்கம்போல் பட்டியல் போட்டேன்: பிரதியெடுத்தல், இரைச்சல் நீக்கல், மௌனங்களை வெட்டுதல், ஒலியளவைச் சமப்படுத்தல், பெயரிடல், வெட்டாத முதற்பிரதியைக் கணினியிலிருந்து அழித்தல். குறித்த அளவுக்குக் கீழே உள்ள எதையும் மென்பொருள் மௌனம் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த அளவைக் குறித்தது நான். ஒவ்வொன்றிலும் முதல் ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறு வரிக்கும் சரி போட்டேன்.

கசெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது, அம்மாவிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லையும் சேர்த்து, "எல்லாம் இருக்கிறதா, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஒன்றும் விடுபடவில்லை" என்றேன்.

புதுக் கசெட் எந்தக் கடையிலும் கிடைக்காத காலம். என் சொல்லை நம்பிப் பழையவற்றின் மேலேயே பதியத் தொடங்கினார்.

அடுத்த வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. டோர்வலில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். குரல் ஏறக்குறையப் போய்விட்டது. மனைவிக்கென்று தொடங்கிய பாட்டில் இரண்டு சரணங்கள்தான் நினைவில் நின்றன. "மூன்றாவதில் ஒரு சொல்தான் பாக்கி. மிச்சம் முழுவதும் உன்னிடம் இருக்கிறது" என்றார்.

வீட்டுக்கு வந்து கோப்புகளைத் திறந்தேன். உரத்துப் பாடியவை எல்லாம் பளிங்குபோல் இருந்தன. இரண்டாவது சரணம் முடிந்ததும், மூச்சுவிட இடமில்லாமல் வேறொரு பாட்டுத் தொடங்கியது. முணுமுணுப்பு ஒரு நொடிகூட இல்லை; எல்லாம் மௌனம் என்று வெட்டுப்பட்டிருந்தது. அவருடைய பூட்டிய வீட்டைத் திறப்பித்து, இருபத்துமூன்று கசெட்டுகளையும் இரு பக்கமும் கேட்டேன். அவற்றில் புதுப் பாட்டுகளின் முணுமுணுப்பு மட்டும் இருந்தது. பத்திரமாக இருக்கிறது என்று நம்பிய ஒன்றை அவர் ஏன் மறுபடி பதியப்போகிறார்?

சனிக்கிழமை போய் உண்மையைச் சொன்னேன். அசையக்கூடிய கையால் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை அவருக்கு அது நினைவில்லை. "கொண்டுவந்தாயா, பிள்ளை?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே கை. நான்கு சனிக்கிழமைகள் அப்படிப் போயின. நான்காவது தடவை என்னோடு வந்திருந்த அம்மா, காரில் ஏறியதும் சொன்னார்:

"நீ மனச்சாட்சியைக் கழுவுறதுக்காக அந்தாளைக் கிழமைக்குக் கிழமை சாக்கொல்லாத."

இப்போது, "அடுத்த கிழமை கொண்டுவருகிறேன்" என்கிறேன். "அவசரமில்லை. ஒரு சொல் இன்னும் சரிவரவில்லை" என்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொள்கிறார், உதடுகள் அசைகின்றன. கைபேசியில் பதிவை ஓடவிட்டு அவர் வாயோடு ஒட்டிப் பிடிக்கிறேன். வீட்டில் ஒன்றையும் நீக்காமல், ஒலியளவை முழுதாகக் கூட்டிக் கேட்கிறேன். மூச்சு மட்டும்தான் இருக்கிறது.