விட்டுக்கொடுத்ததற்கு ஒரு பொன்னாடை

பொன்னாடையைக் கண்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம், தொண்ணூறுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஒரு தமிழர் விழா.

அப்போது அந்த ஊரின் மனுரேவா பகுதியில் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஜெர்மன்காரன் ஒருநாள் தன் ஊர் இசைக்குழுவின் கேசட்டைக் காரில் போட்டான். அம்மாடி! ஜமைக்காவின் ஸ்கா தாளம் துள்ளுகிறது, ராக் கிதார் உறுமுகிறது, ஒருவன் மூச்சுவிடாமல் ஜெர்மனில் ராப் பொழிகிறான், நடுவில் ட்ரம்பெட் பாய்ந்து வருகிறது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் யாரையோ விளாசுகிறார்கள் என்பது நன்றாகப் புரிந்தது. மலேசியாவில், ஈப்போவில் பள்ளி பேண்டில் ட்ரம்பெட் ஊதியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு பெட்டிக்குள் கிடந்ததை அன்றே வெளியே எடுத்தேன்.

குளிர்காலம் முழுக்க அவன் வீட்டு கராஜில் பயிற்சி. அவன் கிதார், அவன் மனைவி ட்ரம்ஸ். கேசட்டில் கேட்ட அதே வேகத்தில் தமிழில் ஒரு ராப் எழுதினேன். ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் நானும் கணவரும் வாடகை வீடு தேடியபோது, போனில் வரச் சொன்னவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் "வீடு போய்விட்டது" என்று கதவைச் சாத்திய கதை. அதை நம் ஆட்கள் முன்னால் நின்று கத்த வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விழாவில் இடம் கேட்டதும் தமிழ்ச் சங்கச் செயலாளர் முகம் சுளித்தார். "ஜெர்மன் மியூசிக்கா? நம்ம விழாவுலயா?"

"ஏன் அண்ணே, நீங்க போடுற சினிமாப் பாட்டுல வர்ற கிதார் மட்டும் மதுரையில முளைச்சுச்சா?"

எங்களைக் கடைசி நிகழ்ச்சியாகப் போட்டார்.

விழாவில் குத்துவிளக்கு ஏற்றவே அரை மணி நேரம். பிறகு தலைவருக்குப் பொன்னாடை, அவருக்குப் போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை, சமோசா கொண்டுவந்தவருக்கும் பொன்னாடை. ஆளாளுக்கு மைக்கைப் பிடித்தார்கள். விட்டால்தானே! மேடைக்குப் பின்னால் எனக்கு ரத்தம் கொதித்தது. செயலாளர் வந்தார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு மணிக்கு ஹாலைக் காலி பண்ணணும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

ஜெர்மன்காரன் கிதார் வயரைச் சுருட்டினான். அவன் முன்னால் எனக்கு மானமே போனது. அதற்குள் மைக்கில் என் பெயர். நேரத்தை விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்காக எனக்கும் பொன்னாடையாம்! யார் விட்டுக்கொடுத்தது? பிடுங்கிக்கொண்டு போர்த்த வருகிறார்கள்!

ட்ரம்பெட்டோடு மேடையேறினேன். செயலாளர் போர்த்தினார், கூட்டத்தில் கைதட்டினார்கள். மைக்குக்கு நேராக நின்று ஊதத் தொடங்கினேன். கிதாரும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. காலால் தாளத்தைத் தட்டிக்கொண்டு ராப்பைக் கத்தினேன். "தங்கச்சி, தங்கச்சி" என்று செயலாளர் கையைப் பிசைந்தார். வீடு போய்விட்ட வரி வந்ததும் கூட்டத்தின் நடுவில் ஓர் அம்மா எழுந்தார்.

"எங்களுக்கும் இதேதாம்மா நடந்துச்சு! இன்னொரு தடவை பாடு!"

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. மண்டபத்தைப் பூட்ட வந்த ஆள் சாவியோடு வாசலில் நின்றான். நிற்கட்டும் என்று மறுபடி முதலிலிருந்து ஊதினேன்.