ரெண்டு பேருக்கு ஒரு களி உருண்டை

எழுபதுகளின் கடைசியில் பிளஸ் டூ வந்தபோது, பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். வகைநுண்கணிதத்தைக் கல்லூரியில் படித்துப் பல வருடம் ஆகியிருந்தது. மறந்துபோச்சு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

'அடுக்கை முன்னால் கொண்டுவா, அடுக்கில் ஒன்றைக் குறை' என்று விதியைப் போர்டில் எழுதினேன். அடுக்கு மூன்றாக இருந்தால் இரண்டாகும். அதுவரை சரி. ஒன்றின் கீழ் எக்ஸ், அதாவது அடுக்கு மைனஸ் ஒன்று, வந்ததும் அதே வேகத்தில் அடுக்கைப் பூஜ்யமாக்கிவிட்டேன். மைனஸ் ஒன்றில் இன்னும் ஒன்று குறைந்தால் மைனஸ் இரண்டு என்பது சின்ன வகுப்புப் பாடம். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

பரீட்சையில் எல்லோரும் அடுக்கைப் பூஜ்யமாக்கி, விடை மைனஸ் ஒன்று என்றே எழுதினார்கள், ஒரு பெண்ணைத் தவிர. வத்தல்மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அவள் விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

பேப்பர் கொடுத்த அன்று மாலை, ஆசிரியர் அறையில் நான் தனியாக இருந்தபோது வந்தாள்.

"சார், ஒண்ணின் கீழ் எக்ஸுன்னா, ஒரு களி உருண்டைய எக்ஸ் பேரு பங்கு போடறதுதானுங்களே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒருத்தருன்னா முழுசு. ரெண்டு பேருன்னா ஆளுக்குப் பாதி. உங்க விடை மைனஸ் ஒண்ணுன்னா, ஒவ்வொரு ஆளு கூடறப்பவும் பங்குல ஒண்ணு ஒண்ணா குறையுதுங்க. அப்ப ரெண்டு பேரு உக்காந்தா யாருக்கும் ஒண்ணுமே இல்லீங்க சார்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தாளில் போட்டுப் பார்த்ததும் அவள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. விதியை நான் மனப்பாடம்தான் செய்திருந்தேன். இந்தப் பெண் அதைத் தட்டில் வைத்தே பார்த்துவிட்டாள். அசந்துபோனேன்.

"ஏம்மா, கிளாஸ்லயே சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்க."

அவளுக்கு மட்டும் மார்க் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம், வேறு யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் என் வெட்கத்தை மூடிக் காப்பாற்றிய பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

மறுநாள் வகுப்பில், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவளையே போர்டில் போட்டுக் காட்டச் சொன்னேன். பதறாமல், களி உருண்டையோடு சேர்த்து விளக்கினாள். அடுத்து, பழைய வழக்கத்தில், எல்லாப் பேப்பரையும் வாங்கி மார்க்கைக் குறைக்கப் போவதாக அறிவித்தேன்.

அவள் சாக்பீஸைக் கீழே வைக்காமல் திரும்பினாள்.

"குறைக்காதீங்க சார். அவங்க உங்கள நம்பித்தானுங்க எழுதினாங்க."