கீழ்வீட்டுக் கட்டில்மேல் ஒரு வாளி

ஓசூரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். தண்ணீர் மோட்டாரின் கரண்ட் பில் கீழ்வீட்டுக்கும் எங்களுக்கும் பொது. பில் எகிறியதும், கீழ்வீட்டுக் கைக்குழந்தைக்காரி எந்நேரமும் துவைக்கிறாள் என்று சண்டை போட இறங்கிப் போனேன்.

கதவைத் திறந்தாள், பக்கத்துத் தளி ஊரிலிருந்து குடிவந்த அந்தப் பெண். கட்டில்மேல் வாளி. எங்கள் குளியலறைக் குழாய் சுவருக்குள் ஒழுகி, அவள் வீட்டு சீலிங்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரை ஓடவைத்து பில்லை ஏற்றியது இந்த ஒழுகல்தான். குழந்தை அடுப்படித் தரையில் தூங்கியது.

“ஏம்மா, எங்ககிட்ட சொல்லல?”

“ஓனர்கிட்ட சொன்னேங்க்கா. ரிப்பேர்லாம் முடியாது, மாடிக்காரங்களக் காலி பண்ணச் சொல்லிடறேன்னாரு. உங்களுக்கும் புள்ளைங்க இருக்குது. அதான் விட்டுட்டேன்.”

கொண்டுபோன சண்டை வாயிலேயே செத்தது.

இருவரும் சேர்ந்து போய்க் கேட்டும் ஓனர் அசையவில்லை. வேறு வீடு பார்க்க இருவருக்குமே வழியில்லை. குளியலறை வால்வை மூடியே வைத்திருக்கிறேன். குளிப்பதற்காகத் திறந்தால், சற்று நேரத்தில் கீழே அவள் வாளி வைக்கும் சத்தம் கேட்கிறது.